லாக்கரில் வைக்க முடியாத கலை

கான்வாஸில் வரைந்தால் ஓவியம். கல்லைச் செதுக்கினால் சிற்பம். ஒரு வெப்சைட்டையே கலைப்படைப்பாக ஒருத்தர் செய்து வைத்தால்? ஓவியங்களைப் படம் பிடித்துப் போட்டிருக்கும் சைட்டைச் சொல்லவில்லை. கவிதைகளை ஏற்றி வைத்திருக்கும் சைட்டையும் சொல்லவில்லை. அந்த சைட்டேதான் படைப்பு. அதற்கு வெளியே சுவரில் மாட்டவோ கையால் தொடவோ ஒன்றும் கிடையாது.

இதற்கு "நெட் ஆர்ட்" என்று பெயர். முப்பது வருஷமாக இருக்கிற சமாச்சாரம்தான். பி.காம். படித்துவிட்டு டெபிட், கிரெடிட் என்று காலம் தள்ளுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். எல்லாம் மட்டாஞ்சேரியில் குடியிருப்பதால் வந்த வினை :-)

டிரான்ஸ்ஃபரில் பாளையங்கோட்டையிலிருந்து இங்கே வந்து வருஷங்கள் ஓடிவிட்டன. பஜார் ரோட்டில் சுக்கும் மிளகும் மணக்கிற குடோன்களில் பாதி, கொச்சி-முசிறிஸ் பினாலே வந்தால் கலைக்கூடமாகிவிடும். போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் 2012 டிசம்பர் 12-ம் தேதி தொடங்கி வைத்தது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை என்று கணக்கு. கோவிட் வந்ததில் ஒரு தடவை தள்ளிப்போய் 2022 டிசம்பரில் நடந்தது. ஆறாவது பினாலே 2025 டிசம்பர் 12-ல் தொடங்கியது. ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால் அரண்மனை, சினகாக், பினாலே என்று ஒரு ரவுண்டு கூட்டிப்போவது என் பொறுப்பு. "இதுல கலை எங்க மாப்ள இருக்கு?" என்று மாமா கேட்டால் பதில் சொல்வதும் என் பொறுப்பு. அதற்காகவாவது கொஞ்சம் படித்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2018-ல் அனிதா துபே பொறுப்பில் நடந்த பினாலேயில், ஆஸ்பின்வால் ஹவுஸில் ஒரு இருட்டு அறை. மேலேயிருந்து நூறு மைக்குகள் தொங்கின. ஒவ்வொரு மைக்குக்கும் கீழே ஒரு கூர்மையான இரும்புக் கம்பி, அதில் குத்திய ஒரு காகிதம். காகிதத்தில், எழுதியதற்காகச் சிறைக்குப் போன ஒரு கவிஞரின் வரிகள். பேசுவதற்கான மைக்குகள் அங்கே ஸ்பீக்கராக மாறி, அந்த வரிகளைப் பல மொழிகளில் நமக்குச் சொல்லின. செய்தவர் ஷில்பா குப்தா. 1976-ல் பிறந்தவர், மும்பைக்காரர். ஜே.ஜே. கலைக்கல்லூரியில் சிற்பம் படித்தவர். வீட்டுக்கு வந்து அவர் பெயரைத் தேடிப் பார்த்தபோதுதான், சிற்பம் படித்த இந்தப் பெண்மணி 2000-களின் தொடக்கத்தில் வெப்சைட்டுகளாகச் செய்து தள்ளியிருப்பது தெரிந்தது.

அதில் ஒன்று என்னை அப்படியே பிடித்துக்கொண்டது. பெயர் "பிளெஸ்டு பேண்ட்வித்". ஆசீர்வதிக்கப்பட்ட இணைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 2003-ல் லண்டனின் டேட் அருங்காட்சியகம் இணையத்துக்கென்றே செய்து தரச் சொன்ன படைப்பு. ஷில்பா என்ன செய்தார் தெரியுமா? ஒரு நெட்வொர்க் கேபிளைக் கையில் எடுத்துக்கொண்டு, பல மதங்களின் வழிபாட்டுத் தலங்களுக்குப் போய் அந்தக் கேபிளுக்கு ஆசி வாங்கினார். அப்புறம் அதை ஒரு சைட்டாக்கினார். உள்ளே வருகிறவர் தனக்கு வேண்டிய மதத்தைத் தேர்ந்தெடுத்து, உட்கார்ந்த இடத்திலேயே ஆசி பெற்றுக்கொள்ளலாம்.

சிரிப்பு வருகிறது இல்லையா? எனக்கும் வந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். கிளைகளில் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வந்தபோது நாம் என்ன செய்தோம்? சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் ஆனபிறகுதான் சுவிட்சைப் போட்டோம். ஆயுத பூஜைக்கு சர்வருக்குப் பொட்டு வைக்காத ஆபீஸ் உண்டா? ஆகவே கேபிளுக்கு ஆசி வாங்குவது நமக்கு ஒன்றும் விநோதமில்லை. விநோதம் எதில் என்றால், ஒரே கேபிளுக்கு எல்லா ஆசியும் கிடைத்ததில். 2002 குஜராத் கலவரத்துக்கு மறு வருஷம் வந்த படைப்பு என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும். அந்தக் கம்பிக்குள் ஓடுவது எந்தச் சாமியின் ஆசி என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

மட்டாஞ்சேரியில் இருப்பவனுக்கு இது இன்னும் நன்றாக உறைக்கும். போர்த்துகீசியர் கட்டிக்கொடுத்து, டச்சுக்காரர் பழுதுபார்த்து, கொச்சி ராஜா இருந்த அரண்மனை. அதன் வளாகத்திலேயே பழையன்னூர் பகவதி கோயில். கோயிலை ஒட்டியே 1568-ல் கட்டிய பரதேசி சினகாக். நடந்தே போகிற தூரத்தில் கொங்கணிக்காரர்களின் திருமலைக் கோயில், 1653-ல் சிரியன் கிறிஸ்தவர்கள் கயிற்றைப் பிடித்துச் சத்தியம் செய்த கூனன் குரிசுப் பள்ளி, குஜராத்திகளின் ஜைனக் கோயில், பழைய மசூதிகள். ஷில்பா இந்த ஊருக்கு வந்திருந்தால் அவருடைய வேலை ஒரு மத்தியானத்தில் முடிந்திருக்கும்!

சரி, இதை ஏன் வெப்சைட்டாகச் செய்ய வேண்டும்? கேபிளை போட்டோ எடுத்து மாட்டியிருக்கலாமே? இங்கேதான் என்னுடைய பேங்க் மூளை உதவியது. நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். பிரின்ட் அவுட் சோதனை. ஒரு சைட்டை பிரின்ட் எடுத்த பிறகும் விஷயம் உயிரோடிருந்தால் அது செய்தி, இல்லையென்றால் விளம்பரம். பிரின்ட் எடுத்ததும் செத்துப்போனால் அது நெட் ஆர்ட். ஷில்பாவின் சைட்டில் மதத்தைத் தேர்ந்தெடுப்பது நம் விரல். ஆசி வருவது நம் வீட்டுக் கேபிள் வழியாக. காகிதத்தில் அது வெறும் ஜோக்.

இந்தச் சோதனையை இன்னும் பழைய இரண்டு படைப்புகளுக்கு வைத்துப் பாருங்கள்.

ஒன்று, ஜோடி. (நம்ம ஜோடிதான் என்று நினைக்காதீர்கள், ஆனால் அவர்களும் ஒரு ஜோடிதான். யோவான் ஹேம்ஸ்கெர்க், டிர்க் பேஸ்மன்ஸ் என்று இருவர்.) 1995-ல் அவர்கள் போட்ட பக்கத்தைத் திறந்தால், கறுப்புத் திரையில் பச்சை நிறத்தில் புள்ளியும் கோடும் எண்ணுமாகக் குப்பை. சிஸ்டம் போச்சு என்று பயந்து மூடியவர்கள் பலர் இருந்திருப்பார்கள். ஆனால் "சோர்ஸ்" என்று பக்கத்தின் நிரலைத் திறந்து பார்த்தால், அதே புள்ளிகளும் கோடுகளும் ஒழுங்காக வரிசை கட்டி அணுகுண்டின் வரைபடமாக நிற்கும். வேறொன்றுமில்லை, நிரலில் இருக்கும் இடைவெளியையும் வரி முறிவையும் உலாவி கண்டுகொள்ளாது. எல்லாவற்றையும் ஒன்றாக வாரிக் கொட்டிவிடும். அந்தக் குணத்தையே தூரிகையாக எடுத்துக்கொண்டார்கள்.

இது நமக்குப் புதுசா? தொண்ணூறுகளின் கடைசியில் வெளிநாட்டில் உட்கார்ந்து தமிழ் படித்தவர்களைக் கேளுங்கள். அந்த சைட்டின் ஃபான்ட் நம் கம்ப்யூட்டரில் இல்லையென்றால் திரை முழுக்க வாயில் நுழையாத குறிகள். கீழே தமிழ் பத்திரமாக இருக்கும், மேலே குப்பை தெரியும். ஆளாளுக்கு ஒரு ஃபான்ட், அப்புறம் திஸ்கி, 1999-ல் சென்னை மாநாட்டுக்குப் பிறகு டாப், டாம், கடைசியில் யூனிகோடு வந்து காப்பாற்றியது. அந்தக் காலத்தில் நாமெல்லாம் தினமும் ஜோடி பார்த்திருக்கிறோம், டிக்கெட் வாங்காமலே. வித்தியாசம் ஒன்றுதான். நமக்கு அது தொல்லை. அவர்கள் அதை, மேலே தெரிவதுதான் உண்மையா என்று கேட்கும் கேள்வியாக மாற்றினார்கள்.

இரண்டாவது, ஒலியா லியாலினா என்ற ரஷ்யப் பெண் 1996-ல் செய்தது. போரிலிருந்து காதலன் திரும்பி வருகிறான். இருவரும் பேச முயல்கிறார்கள். ஒரு வரியைச் சொடுக்கினால் திரை இரண்டாகப் பிரியும், இன்னொன்றைச் சொடுக்கினால் மறுபடி பிரியும். பேசப் பேசத் திரை துண்டு துண்டாகிக்கொண்டே போய்க் கடைசியில் கட்டங்கள் காலியாகி நிற்கும். கறுப்பு வெள்ளை, அழகில்லாத சின்னப் படங்கள். ஆனால் வருஷக்கணக்காகப் பிரிந்திருந்து வளைகுடாவிலிருந்து லீவில் வரும் மனிதரும் அவர் மனைவியும் முதல் இரண்டு நாள் பேசிக்கொள்ளும் விதத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கட்டங்கள் புரியும். பேச நிறைய இருக்கும், ஒன்றும் ஒட்டாது.

இப்போது கவலைக்குரிய விஷயத்துக்கு வருகிறேன். லியாலினா பயன்படுத்திய அந்தத் திரை பிரிக்கும் முறை, இன்றைய எச்.டி.எம்.எல். விதிகளில் கைவிடப்பட்டது. 2000-களில் எத்தனையோ கலைஞர்கள் நம்பியிருந்த ஃபிளாஷுக்கு அடோபி 2020 டிசம்பர் 31-ம் தேதியோடு ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் பிளேயரில் எதுவும் ஓடாதபடி தடுத்துவிட்டது. ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டபோது லட்சக்கணக்கான வீட்டுப் பக்கங்கள் போயின. ஓவியத்துக்கு எதிரி கரையானும் ஈரமும். இந்தக் கலைக்கு எதிரி அப்டேட்.

கணக்குப் புத்தகத்தில் ஓவியம் ஒரு சொத்து. ஒரு தடவை விலை கொடுத்தால் முடிந்தது, பூட்டி வைக்கலாம். வெப்சைட் அப்படியில்லை. டொமைனுக்கு வருஷ வாடகை, சர்வருக்கு மாச வாடகை, உலாவி மாறும்போதெல்லாம் மராமத்து. இதில் மூலதனச் செலவு கம்மி, நடைமுறைச் செலவுதான் எல்லாம். புதுசாக ஒன்றைத் திறந்துவைக்க ஸ்பான்சர் கிடைப்பார், ரிப்பன் வெட்ட ஆள் வரும். பழையதற்கு வருஷா வருஷம் பணம் கட்ட யார் வருவார்? இந்தக் கலை உயிரோடிருப்பதும் சாவதும் அந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.

பதில் சொன்னவர்கள் சிலர் இருக்கிறார்கள். 1997-ல் ஜெர்மனியின் காசல் நகரில் நடந்த டாக்குமென்டா கண்காட்சியின் சைட்டை, கண்காட்சி முடிந்ததும் எடுத்துவிடப் போவதாக அறிவித்தார்கள். வுக் சோசிச் என்ற ஸ்லொவேனியக் கலைஞர் அந்த சைட் முழுவதையும் நகலெடுத்துத் தன் சர்வரில் போட்டுவிட்டு, அதையே தன் படைப்பு என்றார். திருட்டா, கலையா என்று சண்டை போடலாம். நகல் பிழைத்தது என்பதில் சண்டையில்லை. 1996-ல் தொடங்கிய, நியூயார்க்கைச் சேர்ந்த ரைசோம் அமைப்பு, 1999 முதல் இப்படிப்பட்ட படைப்புகளைச் சேகரித்து, பழைய உலாவியையே புது உலாவிக்குள் ஓடவைத்துக் காட்டுகிறது.

அதாவது, பூட்டி வைத்தால் செத்துப்போகும், மறுபடி மறுபடி செய்தால் பிழைக்கும். இதைக் கேட்டதும் எனக்கு நினைவுக்கு வந்தது கோலம். ஒரு கோலத்தின் ஒரிஜினல் எங்கே இருக்கிறது? காலையில் போட்டது மத்தியானத்துக்குள் மிதிபட்டுப் போகும். இருந்தும் ஒரு கோலம் தலைமுறை தாண்டி வருகிறது. ஏனென்றால் கைமாறுவது மாவு இல்லை, புள்ளிக்கணக்கும் சுற்றும் முறையும். கோலத்துக்குள் நிரல் இருக்கிறது என்பதை நான் சும்மா சொல்லவில்லை. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-லேயே கோலத்தைக் கம்ப்யூட்டர் இலக்கணமாக எழுதிக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். கிஃப்ட் சிரோமணி தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர். நெட் ஆர்ட் பிறப்பதற்கு இருபது வருஷம் முன்பு!

எங்கள் ஃபிளாட்டில் வாசல் என்பது நாலடி டைல்ஸ். என் மனைவி அதில் தினமும் ஒரு சின்ன நெளிக்கோலம் போடுகிறாள். ஒன்பது மணிக்குப் பெருக்குகிறவர் வந்து துடைத்துவிடுவார். "எதுக்குமா, ஸ்டிக்கர் ஒட்டிரலாமே?" என்று மகள் கேட்டாள். "ஸ்டிக்கர் ஒட்டினா உனக்குப் போடத் தெரியாமப் போயிரும்" என்று பதில் வந்தது. வெளியூரில் பிள்ளை வளர்க்கும் நமக்கு இதைவிட விளக்கம் வேண்டாம். நம் மொழியும் அப்படித்தான், வருஷா வருஷம் வாடகை கட்டுகிற சொத்து.

ஆகவே நம் ஊர் அருங்காட்சியகங்களும் பினாலேக்களும் புதுப் படைப்புக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை, ஏற்கனவே செய்த இணையப் படைப்புகளின் பராமரிப்புக்கு என்று தனித் தலைப்பில் ஒதுக்க வேண்டும். பட்ஜெட்டில் தலைப்பு இல்லாத செலவை யாரும் செய்யமாட்டார்கள். இதை ஒரு பேங்க்காரன் சொன்னால் நம்பலாம்.

அதுவரை நம்மால் முடிந்தது ஒன்று உண்டு. இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஜோடியையும் லியாலினாவையும் தேடித் திறந்து காட்டுங்கள். குப்பை மாதிரி தெரிந்தால் பயப்படாமல் சோர்ஸைத் திறக்கச் சொல்லுங்கள். அந்தக் கையோடு ஒரு அஞ்சு புள்ளிக் கோலமும் போட்டுப் பார்க்கட்டும்.