மேஜர் டெய்லரைப் பற்றிச் சொல்

அன்புள்ள தம்பிக்கு,

 

பள்ளி விளையாட்டு விழாவில் ஜாக்கி ராபின்சனைப் பற்றிப் பேசப் போகிறாயாமே, அம்மா சொன்னாள். பேசு. 1947-இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணிக்காகக் கறுப்பரான அவர் களமிறங்கியது சாதாரண விஷயமில்லை. ஆனால் உன் பிள்ளைகள் பேஸ்பால் மட்டையைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். பாதிப் பேர் பள்ளிக்கு வருவதே சைக்கிளில்தான். அவர்களுக்குக் கறுப்பின சைக்கிள் வீரர் மேஜர் டெய்லரைச் சொல்லடா. ராபின்சனுக்கு அரை நூற்றாண்டு முந்தியவர்.

1878-இல் இண்டியானாபொலிஸில் பிறந்தவர். இயற்பெயர் மார்ஷல் டெய்லர். சிறுவனாக ஒரு சைக்கிள் கடை வாசலில் ராணுவ உடுப்பில் வித்தை காட்டிக் கூட்டம் சேர்த்ததால் ‘மேஜர்’ என்று பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த ஊர் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கூடத்தில் கறுப்பர் என்று அவரைச் சேர்க்கவில்லை. கூட விளையாடிய வெள்ளைக்காரப் பையன்கள் கீழே பயிற்சி செய்ய, அவர் மாடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் படித்தபோது எனக்குத் தொண்டையை அடைத்தது.

1894-இல் அமெரிக்க சைக்கிள் சங்கம் வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று விதி போட்டது. ஆனாலும் தொழில்முறைப் பந்தயத்தில் ஓட்ட வழி இருந்தது. 18 வயதில் இறங்கிவிட்டார். தடை அத்தோடு தீரவில்லை என்பதைப் பிள்ளைகளுக்கு நன்றாக விளக்கு. ஓட்டப்பாதையில் மற்றவர்கள் கூட்டு சேர்ந்து, முன்னால் ஒருவர், பக்கத்தில் ஒருவர் என்று அவரை நடுவில் வைத்து அடைத்துவிடுவார்கள். நடுவரிடம் முறையிட்டுப் பயனில்லை. அதனால் சின்ன இடைவெளி கிடைத்தாலும் புகுந்து வெளியே வரவும், முன்னால் போய்விட்டால் யாரையும் அருகே விடாமல் ஓட்டவும் பழகினார். அவருடைய வேகத்தைப் புகழ்கிறவர்கள், அதில் எவ்வளவு இந்த முற்றுகையிலிருந்து தப்பப் பழகியது என்பதைச் சொல்வதில்லை.

1897-இல் மாசசூசெட்ஸில் டான்டன் என்ற ஊரில், பந்தயம் முடிந்ததும் பெக்கர் என்ற வீரர் அவரைச் சைக்கிளிலிருந்து இழுத்துப்போட்டுக் கழுத்தை நெரித்தார். டெய்லர் நினைவு தப்பிக் கிடந்தார். போலீஸ் வந்து விலக்க வேண்டியிருந்தது. பெக்கருக்குக் கிடைத்த தண்டனை 50 டாலர் அபராதம். விழா மேடையாயிற்றே என்று இதை விட்டுவிடாதே. இதைச் சொன்னால்தான் இரண்டே ஆண்டில், 1899-இல், மான்ட்ரியலில் ஒரு மைல் பந்தயத்தில் அவர் உலக சாம்பியன் ஆனதன் கனம் பிள்ளைகளுக்குப் புரியும்.

1901-இல் ஐரோப்பா போனார். ஞாயிற்றுக்கிழமை தேவனுடைய நாள், அன்று ஓட்ட மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். பணம் எவ்வளவு என்றாலும் அசையவில்லை. பாரிஸில் பிரெஞ்சுக்காரர்கள் கொண்டாடிய வீரர் ஜாக்கலினிடம் முதல் போட்டியில் தோற்று, சில நாளிலேயே மறுபோட்டியில் வென்றார். பிறகு ஆஸ்திரேலியா. அங்கே பிறந்த மகளுக்கு சிட்னி என்றே பெயர் வைத்தார்.

கடைசிக் காலம் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. சேர்த்த பணமெல்லாம் கரைந்து, தன் வரலாற்றைத் தானே அச்சிட்டு, சிகாகோவில் வீடு வீடாகப் போய் விற்றார். 1932-இல் அங்கே ஒரு மருத்துவமனையின் தர்ம வார்டில் இறந்தார். கல்லறைக்குப் பெயர்ப்பலகைகூட இல்லை. 1948-இல்தான் பழைய சைக்கிள் வீரர்கள் சேர்ந்து, ஷ்வின் சைக்கிள் கம்பெனி முதலாளி பணம் தர, உடலை எடுத்து முறையாக அடக்கம் செய்தார்கள். இதைப் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் சொன்னால் போதும் என்று நினைக்கிறேன். உன் விருப்பம்.

பேச்சை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு. டான்டன் பகுதியை முதலில் தேடிப் படிப்பேன்.

அன்புடன்,
அக்கா