வில்லியம் கேரியின் ஒரு நாள்

1806 ஜூன் 12. இரவு 11 மணியை நெருங்கிய வேளையில், கல்கத்தாவில் வில்லியம் கேரி இங்கிலாந்திலிருந்த நண்பருக்குக் கடிதம் எழுத அமர்ந்தார். அன்றைய பொழுது எவ்வாறு கழிந்தது என்பதே அக்கடிதத்தின் பொருள். ஆய்வேட்டின் நெருக்கடியில் 'நேரமில்லை' என்று முறையிடும் எவரும் ஒருமுறை வாசிக்க வேண்டிய கடிதம் அது.

காலை 5.45க்கு எழுந்து எபிரெய வேதாகமத்தில் ஓர் அதிகாரம் வாசிக்கிறார். 7 மணி வரை தனி ஜெபம். பின் பணியாளர்களோடு வங்காள மொழியில் குடும்ப ஜெபம். தேநீர் ஆயத்தமாவதற்குள் முன்ஷியுடன் பாரசீகம், சிற்றுண்டிக்கு முன் இந்துஸ்தானி. பிறகு பண்டிதரோடு இராமாயண மொழிபெயர்ப்பு. 10 மணிக்கு ஃபோர்ட் வில்லியம் கல்லூரி. திரும்பியதும் வங்காள எரேமியாவின் அச்சுப்படியைத் திருத்துகிறார்; உணவுக்குப் பின் மத்தேயு எட்டாம் அதிகாரத்தின் பெரும்பகுதி சமஸ்கிருதத்திற்குப் பெயர்க்கப்படுகிறது. மாலை 6 மணிக்குத் தெலுங்குப் பண்டிதரிடம் பாடம். 7.30க்குப் பிரசங்கம். (அதைக் கேட்க வந்த நீதிபதியிடம் புதிய ஆலயத்திற்கென 500 ரூபாய் நன்கொடையும் பெற்றுவிடுகிறார்! 1809இல் திறக்கப்பட்ட அவ்வாலயம் பௌபஜாரில் இன்றும் உள்ளது.) அதன்பின் எசேக்கியேல் பதினோராம் அதிகாரம் வங்காளத்தில். கடிதம் முடிந்ததும் கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் ஓர் அதிகாரம், ஜெபம், உறக்கம்.

ஒரே நாளில் ஏழு மொழிகள். ஆனால் வியப்பு எண்ணிக்கையில் இல்லை. இடையிலுள்ள ஐந்தும் கற்பதற்கும் கற்பிப்பதற்கும் மொழிபெயர்ப்பதற்கும் உரியவை. நாளின் இரு கரைகளிலும் நிற்கும் எபிரெயமும் கிரேக்கமும் மட்டுமே அன்று வெறுமனே வாசிக்கப்பட்டவை. அவ்விரு வேளைகளிலும் அவர் எவருக்கும் எதையும் ஆக்கித் தரவில்லை; பெற்றுக்கொண்டார். அலுவல்கள் ஓய்ந்த பின் அமைதியைத் தேடலாம் என்று அவர் காத்திருந்திருந்தால் அந்த நாளில் அதற்கு இடமே இருந்திராது.

இந்த அமைதியை முழுமையானதாகச் சித்திரிப்பது நேர்மையாகாது. அந்நாட்களில் அவருடைய மனைவி டாரதி பல ஆண்டுகளாக மனநோயால் வாடிக்கொண்டிருந்தார். 1807 டிசம்பரில் மறைந்தார். கணவரின் ஒழுங்கு அவருக்கு எவ்வளவு ஆறுதல் அளித்தது என்பதற்குக் கேரியைப் புகழும் நூல்கள் விடை சொல்வதில்லை. பண்டிதர்களின் உழைப்பின்றி அந்த நாள் நிறைவேறியிராது என்பதும் நினைவில் நிற்க வேண்டியது.

அந்த ஒழுங்குக்கு மற்றொரு சோதனை 1812 மார்ச் 11 மாலையில் வந்தது. செராம்பூர் அச்சகத்தில் தீப்பற்றியது. கேரி கல்கத்தாவில் இருந்தார். மறுநாள் காலை மார்ஷ்மன் வந்து செய்தி சொன்னார். கன்னடப் புதிய ஏற்பாடு, தெலுங்கு இலக்கணம், சமஸ்கிருதத்தையும் அதனோடு உறவுடைய இந்திய மொழிகளையும் இணைத்துத் தொகுத்துவந்த பேரகராதி ஆகியவற்றின் கையெழுத்துப்படிகள் சாம்பலாயின. எரிந்த அச்செழுத்துகளுள் தமிழும் உண்டு. இடிபாடுகளைக் கண்டு அவர் கண்ணீர் விட்டார். அடுத்த ஞாயிறன்று பிரசங்கத்திற்கு அவர் தெரிந்துகொண்டது 46ஆம் சங்கீதத்தின் பத்தாம் வசனம். அமர்ந்திருந்து தேவனை அறியச் சொல்லும் வசனம்.

அமர்ந்திருத்தல் அவருக்குச் செயலின்மையாகப் பொருள்படவில்லை. எழுத்து வார்ப்பதற்கான எஃகு அச்சுகள் சாம்பலுக்கடியில் சேதமின்றிக் கிடைத்தன. வார்ப்பு வேலை உடனே தொடங்கியது. மாலை 6 மணிப் பாடங்களில் தொடங்கிய தெலுங்கு, மீண்டும் எழுதப்பெற்ற இலக்கணமாக 1814இல் வெளிவந்தது. பேரகராதியை அவர் மறுபடி தொடங்கவேயில்லை.