சொல்லும் சார்பும்

தேனி மாவட்டத்தில், போடி மேற்கு மலையின் அடிவாரத்தே அமைந்த சிற்றூர் பொட்டிப்புரம். இத்தகைய சிற்றூர்களிலிருந்து பள்ளி சென்று ஆங்கிலம் பயிலும் மாணவர் பலர், தனிச்சொற்களை நன்கு கற்ற பின்னரும், சிறு சொற்கள் இரண்டு கூடி நிற்கும் தொடரைக் கண்டு மருள்வர். ‘டேக் ஆஃப்’ என்பது அத்தகைய தொடர். ‘டேக்’ என்பது எடுத்தல். ‘ஆஃப்’ என்பது அகலுதலைக் காட்டும் சொல். இரண்டும் கூடியவழிப் பொருள் ஒன்றாய் நில்லாது பலவாய் விரியும்.

சட்டையோடும் செருப்போடும் சேர்ந்து வரின் அது கழற்றுதலைக் குறிக்கும்; வானூர்தியோடு வரின் தரையைவிட்டு மேலெழுதலைக் குறிக்கும்; விலையோடு வரின் குறைத்தலையும், ஒருநாளோடு வரின் விடுப்பு எடுத்தலையும், வணிகத்தோடு வரின் விரைந்து வளர்தலையும் குறிக்கும். வானூர்தி வரும் இடத்தில் கழற்றுதலைப் பொருத்தினால் வாக்கியமே சிதைந்துபோம்.

இஃது ஆங்கிலத்திற்கே உரிய புதுமையோ? அன்று. உழவர் வயலில் புல்லைக் களைவர்; நீராடி எழுந்தோர் ஈர ஆடையைக் களைவர்; ஆசிரியர் மாணவரது ஐயத்தைக் களைவர். வினை ஒன்றே, உடன்வரும் சொல்லே பொருளை வேறுபடுத்துகின்றது. ‘மா பூத்தது’ எனின் மரம். ‘மா ஓடிற்று’ எனின் விலங்கு. பல பொருள் குறித்த ஒரு சொல், தான் கொண்டு முடியும் வினையாலும், உடன் நிற்கும் இனச்சொல்லாலும், இடத்தின் சார்பாலும் தன் பொருளைத் தெளிவாக்கும் என்பது தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வகுத்த நெறி.

இனி, ஒரு நுண்ணிய வேறுபாடும் அறியத்தக்கது. 1921ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், மதுரையில் காந்தியடிகள் தாம் அணிந்துவந்த உடையை விடுத்து முழத்துண்டு உடுத்தினார். வீடு திரும்பியவர் சட்டையைக் கழற்றுவதும் இதுவும் ஒன்றாகுமா? முன்னது களைதல், பின்னது துறத்தல். ஆங்கிலத்திலும், ஆடையை உடலினின்று நீக்குதலை மட்டுமே ‘டேக் ஆஃப்’ காட்டும். அறவே விடுதலைக் ‘கிவ் அப்’ என்னும் வேறு தொடர் காட்டும்.

ஆதலின், அகராதியில் முதற்கண் நிற்கும் பொருளையே பற்றிக்கொண்டு இடர்ப்படுதல் வேண்டா. எதனைப் பற்றிய வாக்கியம் இது, உடன்வந்த சொல் யாது என முதலில் வினவுதல் வேண்டும். தாய்மொழியில் நாள்தோறும் இயல்பாகச் செய்யும் இவ்வாராய்ச்சியை அயல்மொழியிலும் செய்வாராயின், மாணவர் தம் அச்சத்தையும் எளிதிற் களைவர்.