அத்தாவின் ஆறு வாரங்கள்



சர்க்கரை, இரத்த அழுத்தம், முழங்கால் வலி ஆகியவற்றைப் பற்றி ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாயிலில் நின்றே பேசிக்கொள்கிறோம். சிறுநீர் தொடர்பான நோயை மட்டும் எவரும் வாய் திறந்து சொல்வதில்லை. எங்கள் அத்தாவும் சொல்லவில்லை. வலியே இல்லாமல் சிறுநீரில் இரத்தம் கலந்து போனதை நான்கு மாதங்கள் மறைத்து வைத்திருந்தார். நாற்பது ஆண்டுகள் பீடி புகைத்தவர் அவர். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குப் புகைப்பழக்கமே முதன்மையான காரணம் என்பதை மருத்துவர் சொன்ன பிறகுதான் அறிந்தோம்.

எங்கள் வீடு கோவை உக்கடத்தில் உள்ளது. அவிநாசி சாலையில் உள்ள ஒரு மருத்துவமனையில், சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியைச் செலுத்திக் கட்டியை அகற்றினார்கள். புற்றுநோய் தசை வரை பரவியிருக்கவில்லை. ஆயினும் மீண்டும் வளரக்கூடிய வகை. எனவே வாரம் ஒருமுறையாக ஆறு வாரங்கள் சிறுநீர்ப்பைக்குள் பி.சி.ஜி. மருந்து செலுத்த வேண்டும் என்றார்கள்.

பெயரைக் கேட்டதும் வியந்தோம். குழந்தைகளின் இடது தோளில் தழும்பை விட்டுச்செல்லும் அதே காசநோய்த் தடுப்பு மருந்துதான் இது. பிரான்சில் கால்மெட், கெரான் என்னும் இருவர் உருவாக்கி, 1921இல் முதன்முதலாக மனிதருக்குக் கொடுக்கப்பட்டது. நம் சென்னைக் கிண்டியில் 1948இலேயே இதற்கென ஆய்வகம் அமைந்தது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு இது பயன்படும் என்பதைக் கனடா நாட்டு மருத்துவர் ஆல்வாரோ மொராலெஸ் 1976இல் வெளியிட்டார். வலுவிழக்கச் செய்யப்பட்ட உயிருள்ள கிருமி சிறுநீர்ப்பைக்குள் சென்றதும், உடலின் எதிர்ப்பாற்றல் விழித்துக்கொள்கிறது; அந்த அழற்சியே புற்றணுக்களையும் அழிக்கிறது. எரிச்சலும் காய்ச்சலும் அதன் கூடவே வருபவை.

முதல் இரண்டு வாரங்கள் எளிதாகக் கடந்தன. மூன்றாம் வாரத்தில் நிலைமை மாறியது. மருந்து செலுத்திய அன்றிரவு அத்தா பதினான்கு முறை எழுந்தார். ஒவ்வொரு முறையும் நெருப்பாய் எரிந்தது. குளிர் நடுக்கமும் இலேசான காய்ச்சலும் வந்தன. கழிவறையை அடைவதற்குள் சில துளிகள் ஆடையில் பட்டன. பிறகு நாள் முழுவதும் சொட்டுவது நிற்கவில்லை.

வலியை அவர் பொறுத்துக்கொண்டார். அவரை உடைத்தது வேறொன்று. ஃபஜ்ர் ஜமாஅத்தை ஒருநாளும் தவறவிடாதவர், பாங்கு கேட்டும் எழாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வீட்டிலும் தொழவில்லை. காரணம் கேட்டபோது, “இந்த அசுத்தத்தோட அல்லாஹ் முன்னால எப்படிம்மா நிப்பேன்? இனி அந்த மருந்தே எனக்கு வேண்டாம்” என்றார். நான்காம் தவணைக்கு மூன்று நாட்களே இருந்தன. சிகிச்சையை நிறுத்தினால் நோய் திரும்பும் அச்சம் ஒருபுறம். அவர் மனம் தொழுகையிலிருந்து விலகுவதைக் காணும் வேதனை மறுபுறம். எங்களுக்குச் சொல்லத் தெரிந்த ஆறுதல் எதுவும் அவரிடம் எடுபடவில்லை.

இறுதியில் எங்கள் மஹல்லாப் பள்ளிவாசல் இமாமை வீட்டிற்கு அழைத்தோம். தயங்கித் தயங்கி அத்தா சொன்னதை ஹஜ்ரத் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “பாய், இதுக்கு நம்ம ஃபிக்ஹுல ஒரு பாடமே இருக்கு” என்றார்.

இத்தகைய நிலையில் உள்ளவரை மஃதூர், அதாவது தக்க காரணம் உடையவர், என்பர். நாங்கள் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின்படி, ஒரு தொழுகையின் நேரம் முழுவதிலும் உளூச் செய்து ஃபர்ளைத் தொழும் அளவுக்குக்கூட இடைவெளி கிடைக்காமல் சொட்டு இருந்தால் அவர் மஃதூர் ஆகிறார். அதன்பின் ஒவ்வொரு தொழுகை நேரத்திலும் ஒருமுறையேனும் அது நிகழும் வரை அந்த நிலை நீடிக்கும். நேரம் தொடங்கியதும் உளூச் செய்து, அந்நேரம் முடியும் வரை ஃபர்ள், சுன்னத், நஃபில் தொழலாம். குர்ஆனையும் தொட்டு ஓதலாம். சொட்டுவதால் அந்த உளூ முறியாது. ஷாஃபிஈ மத்ஹபில் நேரம் வந்தபின் ஒவ்வொரு ஃபர்ளுக்கும் தனித்தனியே உளூச் செய்ய வேண்டும். சொட்டு இல்லாமல் அடிக்கடி சிறுநீர் மட்டும் வந்தால் இந்தச் சலுகை இல்லை; மீண்டும் உளூச் செய்துகொள்ள வேண்டியதுதான்.

தொடர் உதிரப்போக்கால் வருந்திய ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்களைத் தொழுகையை விடும்படி நபி (ஸல்) அவர்கள் சொல்லவில்லை. ஒவ்வொரு தொழுகைக்கும் உளூச் செய்து தொழவே வழிகாட்டினார்கள் என்பதை ஹஜ்ரத் நினைவூட்டினார். உடல்நலத்தோடு இருந்தபோது செய்துவந்த அமல்களின் நன்மை, நோயுற்ற காலத்திலும் எழுதப்படும் என்ற நபிமொழியின் கருத்தையும் எடுத்துரைத்தார். தவறிய ஜமாஅத்துகளை எண்ணிக் குமைந்துகொண்டிருந்த அத்தா அதைக் கேட்டதும் அழுதுவிட்டார். அன்று அஸர் தொழுகையைக் கட்டிலின் அருகே நாற்காலியில் அமர்ந்து தொழுதார்.

மறுநாள் மருத்துவரிடம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னோம். கிருமித் தொற்று உள்ளதா என்று சோதித்தார். நான்காம் தவணையை ஒரு வாரம் தள்ளிவைத்தார். அவசர உணர்வைக் குறைக்கும் மாத்திரை கொடுத்தார். இரத்தமோ காய்ச்சலோ இருக்கும்போது தவணையைத் தள்ளிப்போடுவது வழக்கமான ஒன்றே, அது தோல்வியன்று.

அதன்பின் சிகிச்சை நாளுக்கென்று ஓர் ஒழுங்கை வகுத்துக்கொண்டோம். மருந்தை இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருக்க வேண்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டு தொழுவதை மார்க்கம் விரும்பாததால், ளுஹருக்கு முன்பே அந்நேரம் முடியும்படி காலை ஒன்பது மணிக்கு முன்பதிவு செய்தோம். அன்று காலையில் தேநீரையும் தண்ணீரையும் குறைத்து, சிகிச்சை முடிந்தபின் சிறுவாணித் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கச் செய்தோம். முதல் ஆறு மணி நேரம் அமர்ந்தே சிறுநீர் கழிக்க வேண்டும். சிதறும் துளிகளில் உயிருள்ள கிருமி இருக்கும் என்பதே காரணம். அமர்ந்து கழிப்பது நமக்குப் புதிதன்று. ஒவ்வொரு முறையும் பிளீச்சிங் திரவத்தைக் கழிவறையில் ஊற்றி, கால் மணி நேரம் கழித்துத் தண்ணீர் விட்டோம். கைகளைச் சோப்பிட்டுக் கழுவினார். உறிஞ்சும் பட்டையை உள்ளாடைக்குள் வைத்துக்கொண்டு, தொழுகைக்கென ஒரு கைலியைத் தனியே வைத்திருந்தார். அதனால் பள்ளிவாசல் விரிப்பு அசுத்தமாகுமோ என்ற கவலையும் நீங்கியது.

ஓர் எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். ஓரிரு நாட்களில் அடங்கும் இலேசான காய்ச்சல் இயல்பானது. கடும் நடுக்கத்துடன் காய்ச்சல் ஏறினாலோ, நீடித்தாலோ, மூட்டுவலி, இருமல் சேர்ந்தாலோ காத்திருக்கக் கூடாது. அக்கிருமி இரத்தத்தில் கலந்திருக்கக்கூடும். அதற்குக் காசநோய் மருந்துகளே தேவைப்படலாம். வேறெந்த மருத்துவரிடம் போனாலும் பி.சி.ஜி. சிகிச்சை நடப்பதை முதலிலேயே தெரிவிக்க வேண்டும்.

அல்ஹம்துலில்லாஹ், ஆறு தவணைகளும் முடிந்தன. பின்னர் உள்நோக்கிச் சோதனையில் புதிய கட்டி எதுவும் காணப்படவில்லை. ஆயினும் பராமரிப்புத் தவணைகளும் தொடர் சோதனைகளும் இருக்கின்றன. எரிச்சலும் மீண்டும் வரும். அதை அறிந்தே அத்தா செல்கிறார்.

இப்போது அவர் பள்ளிவாசலில் கடைசி வரிசையில், கதவோரம் நிற்கிறார். யாராவது காரணம் கேட்டால் மறைப்பதில்லை. சென்ற மாதம் இஷாவுக்குப் பின் முதியவர் ஒருவர் அவரைத் தனியே அழைத்துச் சென்று, தமக்கும் சில வாரங்களாக இரத்தம் போவதாகத் தாழ்ந்த குரலில் சொன்னாராம். மறுநாள் காலையில் அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றவர் அத்தாதான்.

உங்கள் வீட்டுப் பெரியவர் காரணமின்றி ஜமாஅத்திற்குச் செல்வதை நிறுத்தினால், அருகில் அமர்ந்து மெல்லக் கேளுங்கள். நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் முழுமையான ஷிஃபாவை அருள்வானாக. ஆமீன்.