டைம் மெஷினில் ஏறினால் எந்தத் தெருவில் இறங்குவது?

போன ஞாயிற்றுக்கிழமை கூட்டம் எதுவும் இல்லை. ஒரு வாளி சட்டை ஊறிக்கொண்டிருந்தது. அக்கா மகன் பக்கத்தில் படுத்து செல்போனில் சுட்டுக்கொண்டிருந்தான். 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தபோது இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாதவன் அவன்.

எனக்கு இந்த ஆட்டங்கள் மேல் பெரிய கோபம் கிடையாது. இளைஞர்களைக் கெடுக்கிறது என்று மேடையில் முழங்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நாங்கள் கேரம் போர்டுக்கே திட்டு வாங்கியவர்கள். நூறு பேர் விமானத்திலிருந்து வெறுங்கையோடு குதிக்கிறார்கள்; கீழே கிடைப்பதை எடுத்துப் பிழைக்க வேண்டும். பிறப்பால் யாருக்கும் கவசம் இல்லை. (காசு கொடுத்தால் பகட்டான சட்டை உண்டு, அது தனி.) அதில் ஒரு நியாயம் இருப்பதாகவே நினைத்திருந்தேன்.

அன்று அவன் அணியில் முன்பின் தெரியாத மூன்று தமிழ்ப் பையன்கள். நன்றாகத்தான் விளையாடினார்கள். இவன் அடிபட்டு விழுந்தபோது ஓடிவந்து தூக்கிவிட்டார்கள். ஆட்டம் கொஞ்சம் ஓய்ந்ததும் ஒருவன் மைக்கில் கேட்டான்: "ப்ரோ எந்த ஊரு?" மருமகன் சொன்னான்.

"அட, நம்ம பக்கம்தான். ஊர்ல எந்தத் தெரு?"

இது என்ன கேள்வி என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மருமகன் ஒரு கணம் என்னைப் பார்த்தான். "பஸ் ஸ்டாண்ட் பக்கம் ப்ரோ" என்றான். எங்கள் தெரு பஸ் ஸ்டாண்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர்.

நான் ஒன்றும் பேசாமல் சட்டை அலசப் போனேன். கல்லூரி விடுதியில் முதல் வருடம் நான் சொன்ன பதிலும் இதேதான்.

சாயங்காலம் அவனே பேச்சைத் தொடங்கினான். "மாமா, டைம் மெஷின் கிடைச்சா எந்தக் காலத்துக்குப் போவீங்க?" எனக்கு அறிவியல் புனைகதைப் பைத்தியம் உண்டென்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இந்தக் கேள்விக்கு நண்பர்கள் சிலர் சோழர் காலம் என்பார்கள், அரண்மனையில் இறங்கப் போகிறவர்கள் மாதிரி. நான் பின்னால் எந்த வருடத்துக்குப் போனாலும் இறங்கியதும் தெருவைத்தான் கேட்பார்கள். அங்கே பஸ் ஸ்டாண்டும் இருக்காது.

இதைப் புரிந்து எழுதியவர் ஆக்டேவியா பட்லர். 1979இல் வந்த அவருடைய 'கிண்ட்ரெட்' நாவலில் டேனா என்ற கறுப்பினப் பெண், 1976இன் கலிபோர்னியாவிலிருந்து அடிமைமுறை இருந்த மேரிலாண்டுக்கு இழுக்கப்படுகிறாள். எந்திரம் இல்லை, பொத்தான் இல்லை. ஏன் நடக்கிறது என்று பட்லர் விளக்குவதும் இல்லை. ஒருமுறை அவளுடைய வெள்ளைக்காரக் கணவனும் கூட வந்துவிடுகிறான். அதே காலம், அதே வீடு, ஆனால் அவனுக்கு அங்கே நடப்பது வேறு. கடைசியாகத் திரும்பும்போது அவள் இடது கை போய்விடுகிறது. 1895இல் வெல்ஸ் எழுதிய 'டைம் மெஷின்' நாயகனோ 8,02,701ஆம் ஆண்டுக்குப் போய், நிலத்தடியில் எந்திரங்களோடு கிடக்கும் மோர்லாக்குகளைப் பார்த்து அருவருக்கிறான். பாதாளச் சாக்கடையில் இறங்கியவரின் பிள்ளை ஒருவர் அந்தக் கதையைக் கீழேயிருந்து எழுத வேண்டும். உங்களில் யாராவது எழுதினால் முதல் பிரதி எனக்கு.

இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். "செம மொக்கை மாமா" என்றான். ஆனால் டேனாவின் கை ஏன் போனது என்று இரண்டு முறை கேட்டான்.

ராத்திரி சாப்பிட்டுவிட்டு மறுபடி விளையாட உட்கார்ந்தான். மைக்கை அணைத்து வைத்திருந்தான்.