நீராவியும் மோட்டார் உறுப்புகளும்

அழுக்கைப் போக்குதற்கு நீரினுஞ் சிறந்த பொருள் இல்லையென்பர். ஆயினும், மோட்டார் வண்டியின் உறுப்புகளிற் புழுதியோடு கலந்து இறுகிய எண்ணெய்ப் பிசுக்கின் முன்னே தண்ணீர் தோற்றுவிடுகின்றது. ஆகவே, பட்டறைகளில் தட்டொன்றிற் பெட்ரோலை ஊற்றி, உறுப்புகளை அதிலிட்டு வெறுங்கையால் தேய்த்துக் கழுவும் வழக்கம் நெடுநாளாக இருந்துவருகின்றது. பெட்ரோல் தோலை வறட்டி வெடிக்கச் செய்யும். அதன் ஆவி தலைநோவு தரும். சிறு பொறி பட்டாலோ பெருந்தீயாகும். தொழில் பயிலும் இளைஞர் இவ்வேலையிற் கையை நனைத்து நிற்பதைக் காணுந்தோறும், வேறு வழி இல்லையோவென யாம் எண்ணியதுண்டு.

சமையலறைச் சுவரையும் தரையையும் துலக்குதற்கு இக்காலத்தில் விற்கப்படும் நீராவிக் கருவியைக்கொண்டு, எமது இல்லத்துப் பழைய அம்பாஸடர் காரின் கார்புரேட்டரைச் சுத்தஞ்செய்ய முயன்றோம். முதலிற் பெட்ரோலை முற்றும் வடித்து, வெட்டவெளியில் நெடுநேரம் காற்றாட வைத்தோம். மிதவையையும், ரப்பராலும் காகிதத்தாலும் ஆன உறுப்புகளையும் கழற்றினோம். பின்னர் ஆவியைச் செலுத்தவே, கரும்பிசுக்கு இளகி வழிந்தது. தூரிகை நுழையாத மூலைகளிலும் ஆவி நுழைந்து தன் வேலையைச் செய்தது.

இதன் காரணம் பௌதிக வகுப்பில் நாம் கற்பதேயாம். 1 கிராம் நீரை உறைநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொணர 100 கலோரி உஷ்ணம் போதும். கொதிநீரை ஆவியாக்கவோ ஏறக்குறைய 540 கலோரி வேண்டும். அம்மறைவெப்பத்தை 1760-களில் கிளாஸ்கோ சர்வகலாசாலையில் ஜோசப் பிளாக் என்பார் ஆராய்ந்து விளக்கினார். குளிர்ந்த உலோகத்தின்மேல் ஆவி நீராக மாறும்போது, தான் உண்ட உஷ்ணம் முழுவதையும் அவ்விடத்தே கக்கிவிடுகின்றது. கொதிநீர் செய்யமாட்டாததை ஆவி செய்வது இதனாலேயாம்.

எனினும் ஆவிக்கும் எல்லையுண்டு. அது பிசுக்கை இளக்குமேயன்றி அகற்றாது; ஆறுமுன் துணியால் துடைக்காவிடில், இளகியது மீண்டும் படிந்துகொள்ளும். பிஸ்டனின் தலையில் வெந்து இறுகிய கரியை அது அசைப்பதில்லை. எஞ்சினின் பெரும் உடலோ சிறு கருவியின் உஷ்ணத்தை எளிதில் விழுங்கிவிடும். இரும்புறுப்புகளை உடனே உலர்த்தி எண்ணெய் பூசாவிடில் துருவேறும். மூடிய பேரிங்குகளிலும் மின்சார உறுப்புகளிலும் ஆவியைப் பாய்ச்சலாகாது. ஆனால், அலுமினியத்தை அரித்துவிடும் காஸ்டிக் சோடாவைப்போல் ஆவி அவ்வுலோகத்தை அரிப்பதில்லை. இஃதொரு பெரும் நன்மை.

உலோகத்திற்கு உஷ்ணம் தரும் அந்த மறைவெப்பமே கையிற் பட்டாற் கொடிய புண்ணாக்கும். குழாய் முனையையொட்டி வெண்புகை தோன்றாத இடத்தேதான் ஆவி மிகக் கொடியது. கலத்தின் அழுத்தம் முற்றும் தணியுமுன் மூடியைத் திறத்தல் கூடாது. தடித்த கையுறை இன்றியமையாதது. வழியும் எண்ணெய் நீரைத் தட்டில் ஏந்துக, கிணற்றங்கரையில் விடற்க.

மாணவ நண்பர்காள்! மறைவெப்பத்தின் அளவைப் பரீட்சைத் தாளில் எழுதியதோடு நில்லாது, கல்லூரி வாயிலுக்கு அப்பாலுள்ள பட்டறைக்கும் அவ்வறிவைக் கொண்டுசெல்வோம். பெட்ரோலில் நனையும் கைகளுள் ஓரிணை அதனினின்று விடுபடினும், நாம் கற்ற கல்வி பயனுடைத்தாம்.