நாமக்கல் லாரியும் நாலு பையும்

கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீருக்கு சைக்கிளில் போகிறேன் என்று ஆபீஸில் லீவ் லெட்டர் கொடுத்துப் பாருங்கள். "ஏன், ட்ரெயின்ல டிக்கெட் கிடைக்கலையா?" என்பார் மேனேஜர். அக்கவுண்ட்ஸ்காரர் ஒருபடி மேலே போய், "டீக்கடை பில்லுக்கெல்லாம் டி.ஏ. க்ளெய்ம் பண்ண முடியாது, தெரியுமில்ல?" என்று எச்சரிப்பார். எனக்கு முழுசாக நாற்பத்தைந்து நாள் லீவ் சாங்ஷன் ஆனது. நான் இல்லாமலும் ஆபீஸ் நடக்கும் என்று எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

கூட வந்தவர் அண்ணாச்சி. வயது 59. திருநெல்வேலிப் பக்கம் பலசரக்குக் கடை. அதை மகனிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பியவர். அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம்: "ஒரு முழம் விடாம மிதிச்சே போவணும் தம்பி." லாட்ஜ் லிஃப்டில்கூட சைக்கிளை ஏற்ற மாட்டார். தோளில் தூக்கிக்கொண்டு படியேறுவார். நானும் பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவேன்.

பாதை ஒன்றும் மர்மம் இல்லை. நேஷனல் ஹைவே 44. தெற்கு முனையிலிருந்து ஸ்ரீநகர் வரை ஒரே நம்பர். 2010-ல் நம்பர் மாற்றுவதற்கு முன் இதில் பெரும்பகுதி ஏழாம் நம்பர் ரோடாக இருந்தது. கன்னியாகுமரியிலிருந்து வாரணாசி போகும் அந்தப் பழைய NH 7-ஐ பழைய டிரைவர்கள் இன்னும் "செவன்" என்றுதான் சொல்கிறார்கள்.

பத்தொன்பதாம் நாள் நாங்கள் நாக்பூரில் இருந்தோம். ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் மிதித்தாயிற்று. அன்றைய டார்கெட் மத்தியப் பிரதேசத்தில் உள்ள சியோனி. தூரம் நூற்று இருபத்தைந்து சொச்சம். நாக்பூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 310 மீட்டர், சியோனி 600-க்கு மேல். அதுகூடப் பரவாயில்லை. நவம்பர் நடுவில் அங்கே ஐந்தரைக்கெல்லாம் சூரியன் கடையைக் கட்டிவிடும். கடைசிப் பகுதி பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டிய காடு. இருட்டுவதற்குள் தாண்டியாக வேண்டும்.

ஆறு மணிக்குத் தெருவோரம் 'தர்ரி போஹா'. நம்ம அவல் உப்புமாவின் தலையில் கொண்டைக்கடலைக் குழம்பை ஊற்றினால் அதுதான். குழம்பின் மேல் மிதக்கும் சிவப்பு எண்ணெய்தான் தர்ரி. முதல் வாயிலேயே கண்ணில் தண்ணீர். "நம்ம ஊர் மொளகா தேவலாம்" என்று சொல்லிக்கொண்டே அண்ணாச்சி இரண்டாவது ப்ளேட் வாங்கினார்.

ஜீரோ மைல் தூணையும் அதன் பக்கத்தில் பாயும் நாலு குதிரை பொம்மைகளையும் ஒரு போட்டோ. பிறகு காம்ப்டி, கன்ஹான் ஆற்றுப் பாலம். குளிர்காற்று, சமதளம். மணிக்கு இருபது கிலோமீட்டர் சுலபமாக வந்தது. வழியெல்லாம் ஆரஞ்சுக் குவியல். இரண்டு டஜன் வாங்கலாம் என்றேன். "யார் செமக்க?" என்றார் அண்ணாச்சி. நியாயம்தான். சைக்கிள் சுற்றுலாவில் ஆளுக்கு மரியாதை கிடையாது, எடைக்குத்தான் மரியாதை. ஆறு பழம் வாங்கி அங்கேயே நின்று தின்றோம்.

மன்சரில் மாங்கனீஸ் சுரங்கம். அங்கிருந்து கிழக்கே சில கிலோமீட்டர் போனால் ராம்டெக் குன்றும் கோயிலும். காளிதாசனின் யட்சன் மேகத்தைத் தூது அனுப்பிய ராமகிரி இதுதான் என்று பலர் சொல்வதுண்டு. போய்ப் பார்க்க ஆசைதான். சூரியன் இடம் கொடுக்கவில்லை.

தேவலாபார் தாண்டியதும் தேக்கங்காடு ஆரம்பம். இங்கேதான் ரோடு திடீரென்று எழும்பிப் பாலமாகிறது. கீழே ஆறு இல்லை, ரயில் இல்லை. கீழே போகிறவர்கள் புலியார், மான் வகையறா! நாலு வழிச் சாலை போட்டால் காடு இரண்டாக வெட்டுப்படும் என்று பல வருஷம் வழக்கு, வாதம் எல்லாம் நடந்து, கடைசியில் மகாராஷ்டிரப் பக்கம் மட்டும் ஒன்பது இடங்களில் விலங்குகளுக்கு அடிவழி விட்டுக் கட்டினார்கள். அதில் நீளமானது 750 மீட்டர். 2019-ல் இந்திய வனவிலங்கு நிறுவனத்தார் கீழே கேமரா வைத்தார்கள். 18 வகைக் காட்டு விலங்குகள் கடந்து போவது பதிவானது. புலிகள் மட்டும் 11.

"அதுவ ஒழுங்கா அது ரோட்டுல போவுது" என்றார் அண்ணாச்சி. அந்த நிமிஷம் ஒரு கார் ராங் சைடில் எங்கள் எதிரே வந்துகொண்டிருந்தது.

எல்லை தாண்டி கவாசாவில் சாப்பாடு. மணி ஒன்றரை. கணக்கு சரியாக இருந்தது. அதற்கப்புறம் குரை மலைப்பாதை. நம் கொல்லிமலையோடு ஒப்பிட்டால் இது மலையே இல்லை. ஆனால் பின்னால் பதினைந்து கிலோ சுமையும் தொடையில் பத்தொன்பது நாள் களைப்பும் இருந்தால் திண்ணைகூட மலைதான். வேகம் எட்டு, ஏழு, ஆறு. 'ட்டங்' என்று ஒரு சத்தம். ஐம்பது அடி தள்ளி இன்னொரு 'ட்டங்'.

அண்ணாச்சியின் பின்சக்கரத்தில் இரண்டு போக்ஸ் கம்பி போய்விட்டது. இரண்டும் செயின் பக்கம். அந்தப் பக்கத்துக் கம்பிகள்தான் அதிக இழுப்பில் இருக்கும். பாரம் ஏறினால் முதலில் தலை தெறிப்பதும் அவைதான். மாற்றுக் கம்பி எங்களிடம் இருந்தது. ஆனால் பல்சக்கரத்தைக் கழற்றினால்தான் கம்பியைக் கோர்க்க முடியும். அதன் ரிங் இறுகிப்போய் இம்மியும் அசையவில்லை. பக்கத்துக் கம்பிகளைத் தளர்த்தியும் இறுக்கியும் ஒருமாதிரி கோட்டம் எடுத்தேன். பிரேக் கட்டையை அகற்றினேன். சுற்றியது, கல்யாண வீட்டில் தாமதமாக எழுந்தவர் மாதிரி ஆடிக்கொண்டு.

மணி மூன்றரை. சியோனி இன்னும் முப்பது கிலோமீட்டருக்கு மேல். பாரத்தோடு ஏறினால் மூன்றாவது கம்பியும் போகும். அதோடு சக்கரமும் போகும்.

அப்போது பின்னால் ஒரு லாரி நின்றது. TN 28. நாமக்கல்! இறங்கியவர் எங்கள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "ஏனுங்க, நம்மூருங்களா? சைக்கிளத் தூக்கிப் போடுங்க, சியோனில எறக்கி உட்டுர்றேன்."

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்தார். "இல்ல தம்பி, சைக்கிள் ஏறாது. வேணும்னா பை ஏறட்டும்."

டிரைவர் சிரித்தார். ஜபல்பூர் லோடாம். வழியில் சியோனி பைபாஸில் இடப்பக்கம் ஒரு தாபா, வாசலில் பச்சைத் தண்ணீர் டேங்க், அங்கே பைகளை வைத்துவிட்டுப் போவதாகச் சொன்னார். செல் நம்பரும் கொடுத்தார். ஆளுக்கு இரண்டாக நாலு பைகள். காஷ்மீருக்கென்று கடன் வாங்கி வாங்கிய கம்பளிகள், ஸ்லீப்பிங் பேக், டூல்ஸ், துணிமணி. அவை போனால் பயணம் அங்கேயே முடிந்தது. லாரி வளைவில் மறைந்தபோது வயிற்றில் தர்ரி மறுபடி எரிந்தது.

பாரம் இறங்கிய சைக்கிள் ஓடத்தான் செய்தது. இந்தப் பக்கத்துப் பாலங்களில் சத்தமும் ஹெட்லைட் வெளிச்சமும் காட்டுக்குள் போகாமலிருக்க இருபுறமும் உயரமான இரும்புத் தடுப்பு. கிப்ளிங் 1894-ல் மௌக்லியை ஓடவிட்ட சியோனி மலைக்காடு இதுதான். எனக்குத் தெரிந்ததெல்லாம் தகரமும் அண்ணாச்சியின் ஆடும் சக்கரமும்தான். நடுவில் அந்த நம்பருக்குப் போட்டுப் பார்த்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண்மணி இந்தியில் தெரிவித்தார்.

"அண்ணாச்சி, லாரி நம்பர் முழுசா பாத்தீங்களா?"

"எதுக்கு? அவன் மூஞ்சியப் பாத்தேன்லா."

முப்பத்தைந்து வருஷம் பலசரக்குக் கடையில் கடன் கொடுத்தவர். இதற்கு மேல் என்ன பேச?

ஐந்தரைக்கு சூரியன் போனது. காடு பின்னால் போய் வயல்கள் வந்தன. முன் விளக்கைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு தாபா வாசலிலும் பச்சை டேங்க் தேடினேன். ஒன்று கறுப்பு. ஒன்று நீலம். ஆறே காலுக்குப் பச்சை தெரிந்தது. லாரி இல்லை.

தாபாக்காரர் எங்களைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் உள்ளே போனார். கயிற்றுக் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒவ்வொன்றாக இழுத்து வைத்தார். எண்ணினேன். ஐந்து!

ஐந்தாவது ஒரு பாலிதீன் பை. உள்ளே ஒரு சுருள் கட்டுக்கம்பி, நியூஸ்பேப்பரில் சுற்றிய பொட்டலம். லாரி போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறதாம். பொட்டலத்தைப் பிரித்தேன். லாரியிலேயே ஸ்டவ் வைத்துக் கிளறிய புளிச்சோறு.

அண்ணாச்சி ஒரு வாய் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். "புளி லேசா தூக்கல்" என்றார், அடுத்த உருண்டையைப் பிடித்தபடி.